“மூன்று நாளாகிறது, டாக்டர்” என்று நோயாளி சொன்னால் அடுத்து என்ன கேட்கிறீர்கள்?

டோங்காட் மருத்துவன் (தென்னாப்பிரிக்கா; சாட்ஸ்வொர்த்தில் தொழில், டோங்காட்டில் வீடு)

நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி. சாட்ஸ்வொர்த்தில் எந்தத் தெருவில் கதவைத் தட்டினாலும் இப்படி ஒருவர் இருப்பார். “வெளிக்குப் போய் மூன்று நாளாகிறது, டாக்டர்” என்றார். மலச்சிக்கல் என்று லாக்டுலோஸ் என்ற மலமிளக்கியை எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அதே பேச்சு. மருந்தின் அளவைக் கூட்டினேன். மூன்றாம் முறை வந்தபோது கீரை, பப்பாளி, தண்ணீர் என்று உபதேசமும் செய்தேன். தன் வீட்டுக் கொல்லையிலேயே கீரை போட்டிருப்பவர் அவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

நான்காம் முறை வந்தபோது கைப்பையைத் திறந்து ஏதோ தேடினார். உள்ளே மூன்று அட்டை வலி மாத்திரைகள். மூன்றிலும் கோடீன், குடலை மந்தப்படுத்தும் வலி மருந்து. முழங்காலுக்காக நாளுக்கு ஆறு, சில நாள் எட்டு. “டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா” என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் சொன்ன பதில் முழு உண்மை. இது டாக்டர் எழுதிக் கொடுத்ததில்லையே.

பாடப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் கிடைக்கும் அறையில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள், எந்தச் சொல்லில் கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். மருத்துவர் அல்லாதவர்களும் எழுதலாம். சொல்லப்போனால் அவர்களுடைய பதில்தான் எனக்கு அதிகம் உதவும்.

மருந்துக்கடைக்காரி (பீனிக்ஸ்)

டாக்டர், உங்கள் கதை எனக்கு வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறது. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன், அவ்வளவுதான். கோடீன் கலந்த மாத்திரை இந்த நாட்டில் இரண்டாம் அட்டவணை மருந்து. டாக்டர் சீட்டு வேண்டாம். ஆனால் மருந்தாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், யாருக்குக் கொடுத்தோம் என்று நாங்கள் எழுதி வைக்க வேண்டும். ஒரு கடையில் கேள்வி கேட்டால் அடுத்த கடைக்கு நடப்பதற்கு யாருக்கும் கால் வலிப்பதில்லை. அதே ஆள் திரும்பி வந்து என்னிடமே பேதி மாத்திரை வாங்குவார். ஒரு கையால் கதவை அடைத்துவிட்டு மறுகையால் தள்ளுவது போல.

நான் “மருந்து” என்ற சொல்லையே விட்டுவிட்டேன். “வலிக்கு என்ன போடுகிறீர்கள்? தூக்கத்துக்கு? இருமலுக்கு? நெஞ்செரிச்சலுக்கு? இரத்தம் ஊற என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று தனித்தனியாகக் கேட்பேன். இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, அலுமினியம் கலந்த அமில மருந்து, நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின், இரத்த அழுத்தத்துக்கு வெராபமில், வலிக்கு டிராமடால் இவை அத்தனையும் குடலை மந்தப்படுத்தும். இருமல் மருந்திலும் கோடீன் இருக்கலாம். இவற்றில் பாதியை நோயாளி மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆயிரம் கேள்விக்கு அந்த ஒரு பை போதும்.

லெனேசியா மாமா

எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள், நான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இருந்தாலும் கேட்கிறேன். இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை விடியற்காலையில் ஆயா (பாட்டி) எங்கள் ஏழு பேரையும் வரிசையில் நிறுத்துவார். ஒரு கரண்டி விளக்கெண்ணெய், பின்னாலேயே ஒரு சுளை ஆரஞ்சு. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே கழிவறை. அன்றைக்கு நடந்த போரை இங்கே எழுதினால் நாகரிகமாக இருக்காது. மறுநாள் குடல் சுத்தம், ஆள் சுத்தம். எங்களில் யாருக்கும் மலச்சிக்கல் வந்ததில்லை.

டோங்காட் மருத்துவன்

மாமா, அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஆரஞ்சு கிடையாது, சர்க்கரை போட்ட கறுப்புத் தேநீர். விளக்கெண்ணெய் பேதியாக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஆயா யாருக்கு மலச்சிக்கல் என்று பார்த்துக் கொடுக்கவில்லை; ஏழு பேருக்கும் கொடுத்தார். நானும் அந்த அம்மாவுக்கு அதைத்தான் செய்தேன். கண்டுபிடிக்காமலே கரண்டியை நீட்டினேன்.

ஒருமுறை நன்றாகப் பேதியானால் அடுத்த இரண்டு நாள் குடலில் வெளியேற ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பேதி மருந்து எடுக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். “தினமும் காலையில் போகாவிட்டால் உடம்பில் நஞ்சு சேரும்” என்ற பயம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. நாளுக்கு மூன்று முறை போகிறவரும் இயல்பானவர், வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் இயல்பானவர். சிரமமில்லாமல் போனால் சரி. எதிர்ப்பக்கமும் உண்டு. தினமும் போய், அரை மணி நேரம் உட்கார்ந்து, முக்கி முக்கி, முடிந்தும் முடியாத உணர்வோடு எழுந்து வருகிறவருக்கு மலச்சிக்கல் இருக்கிறது. “எத்தனை நாளாகிறது” என்று மட்டும் கேட்டால் இவர் கையிலிருந்து நழுவிவிடுவார்.

குடல் தொல்லைகளை இனம் காண மருத்துவர்கள் வைத்திருக்கும் ரோம் 4 அளவுகோல், 2016இல் வெளியானது, இதைத்தான் பேசுகிறது. முக்குதல், இறுகிய மலம், முழுதும் போகாத உணர்வு, ஆசனவாயில் ஏதோ அடைப்பது போன்ற உணர்வு, விரலாலோ அழுத்தியோ வெளியேற்ற வேண்டியிருப்பது, வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகத் தானாகப் போவது என்று ஆறு அடையாளங்கள். இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கடைசி அடையாளம் தவிர மற்றவை கால்வாசித் தடவைக்கு மேல் நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கி, கடைசி மூன்று மாதமும் இப்படியே இருந்திருக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லாத மலச்சிக்கலுக்கான அளவுகோல் இது. நேற்றுத் தொடங்கிய தொல்லையோடு வருகிறவரை இதில் போட்டு அளக்க முடியாது. எனக்கு இதில் பிடித்த விஷயம், ஆறில் ஒன்றே ஒன்றுதான் எண்ணிக்கை. மற்ற ஐந்தும் உட்கார்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது.

விரலைப் பயன்படுத்துவதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். “சிலருக்குக் கையால் உதவ வேண்டியிருக்கும். உங்களுக்கு அப்படி உண்டா” என்று நானே வாயைத் திறந்தால்தான் தலையசைப்பார்கள். அப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான்.

நர்ஸ் அக்கா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நான் கேள்வியே கேட்பதில்லை, படத்தைக் காட்டிவிடுவேன். பிரிஸ்டல் அட்டவணை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் உருவாக்கி 1997இல் வெளியிட்டது, மலத்தின் வடிவைக் காட்டும் ஏழு படங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதன் ஆங்கில விளக்கம் எங்கள் பாட்டிகளுக்கு ஏறவில்லை என்பதால் நானே தமிழில் சொல்லிப் பழகிக்கொண்டேன். ஒன்று ஆட்டுப்புழுக்கை. இரண்டு, புழுக்கைகளைச் சேர்த்துப் பிடித்த கட்டை. மூன்று, மேலே வெடிப்பு விட்டது. நான்கு, பழுத்த வாழைப்பழம். ஐந்து, பிய்த்துப் போட்ட மெதுவடை. ஆறு, மாரியம்மன் கோயில் கூழ் (மன்னித்துவிடு தாயே). ஏழு, வெறும் தண்ணீர். ஒன்றும் இரண்டும் குடலில் நெடுநேரம் தங்கி வந்தவை. எண்பது வயதுப் பாட்டியும் சிரித்துக்கொண்டே “எனக்கு ஆட்டுப்புழுக்கை, மகளே” என்று விரல் வைத்துக் காட்டிவிடுவார். வெட்கம் அந்தச் சிரிப்போடு போய்விடும்.

ஆனால் படத்தை மட்டும் நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். படுக்கையில் இருந்த ஒரு தாத்தா. மகன் வந்து “அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, நாளுக்கு ஐந்து துணி மாற்றுகிறோம்” என்றார். அட்டவணையில் ஏழாம் படத்தைக் காட்டினார். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை ஏற்கெனவே நான்கு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் டாக்டர் ஆசனவாயில் விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே பாறை. இறுகிய மலம் அடைத்துக்கொண்டு நிற்க, மேலிருந்து வரும் தண்ணீர் அதன் ஓரமாகக் கசிந்திருக்கிறது. போக்கு என்று நினைத்தது அடைப்பு. கொடுத்த மருந்து அடைப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. அன்றிலிருந்து வயதானவருக்குப் புதிதாக வயிற்றுப்போக்கு என்று யார் சொன்னாலும், அதற்கு முன் பத்து நாள் எப்படி இருந்தது என்று கேட்காமல் விடமாட்டேன்.

புது டாக்டர் (அரசு மருத்துவமனை, டர்பன்)

விரல் பரிசோதனை பற்றி எல்லோரும் எளிதாகப் பேசுகிறீர்கள். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் காலையில் வரிசை கதவைத் தாண்டி நிற்கிறது. திரைச்சீலை ஒன்று, அதிலும் கொக்கி இரண்டைக் காணவில்லை. உடன் நிற்கப் பெண் ஊழியர் கிடைப்பதில்லை. நான் 26 வயது ஆண். என் அம்மாவின் வயதில் ஒருவரிடம் தமிழில் இதை எப்படிக் கேட்பது? ஆங்கிலத்தில் கேட்டுவிடலாம். தமிழில் வாய் வரவில்லை. அதனால் வயிற்றுக்கு எக்ஸ்ரே எழுதிவிடுகிறேன். தவறு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

டோங்காட் மருத்துவன்

தம்பி, தவறுதான். கோபிக்க மாட்டேன், நானும் அந்தக் கொக்கி போன திரைக்குப் பின்னால் நின்றவன். எக்ஸ்ரேயில் மலம் தெரியும். யாருக்கு எடுத்தாலும் தெரியும், உனக்கு எடுத்தாலும் தெரியும். அதை வைத்து மலச்சிக்கல் என்று முடிவு கட்ட முடியாது. குடல் அடைபட்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் எடுப்பது வேறு விஷயம்.

நான் சொல்வது இதுதான்: “அம்மா, உள்ளே இறுகிய மலம் இருக்கிறதா, புண் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று கையுறை போட்டு ஒரு விரலால் பார்க்க வேண்டும். அரை நிமிடம். வலித்தால் நிறுத்திவிடுவேன். வேண்டாமென்றால் வேண்டாம்.” பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். மறுப்பவர்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. உடன் நிற்க ஆள் இல்லாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல், அல்லது பெண் மருத்துவரிடம் அனுப்பு. செய்யாமல் விட்டதைச் செய்ததாக எழுதாதே.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதலில் கண்ணால் பார். ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் அதுவே கதை முழுவதையும் சொல்லிவிடும்: வலிக்கிறது, அதனால் அடக்குகிறார், அடக்குவதால் இறுகுகிறது, இறுகியது மறுபடி கிழிக்கிறது. வெடிப்பு வலியால் துடிக்கிறவருக்கு அன்று விரல் வைக்காதே. மற்றவர்களிடம் விரல் உள்ளே இருக்கும்போது “வெளிக்குப் போவது போல முக்குங்கள்” என்று சொல். சுருக்குத் தசை தளர வேண்டும். சிலருக்குத் தளர்வதற்குப் பதிலாக விரலை இறுக்கும். அவருடைய குடல் மந்தமில்லை. தள்ளும்போதே வாயிலைப் பூட்டிக்கொள்கிறார். அவருக்கு எத்தனை புட்டி மலமிளக்கி கொடுத்தாலும் பயன் குறைவு, தசையைப் பழக்கும் பயிற்சிதான் வேண்டும். இதை எந்த எக்ஸ்ரேயும் உனக்குச் சொல்லாது.

சிறுவனின் அம்மா (வெருலம்)

நான் மருத்துவர் இல்லை. நர்ஸ் அக்கா எழுதிய தாத்தா கதையைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மகனுக்கு நான்கு வயது. இரண்டு மாதமாக உள்ளாடையில் கறை. போய்விட்டுக் கழுவவில்லை என்று அவனைத் திட்டினேன், ஒருநாள் அடித்தும்விட்டேன். வாரத்துக்கு ஒருமுறை மிகப் பெரிதாகப் போவான், கழிவறை அடைத்துக்கொள்ளும். மற்ற நாளில் திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் காலைக் குறுக்கே வைத்து, விறைத்து, முகம் சிவந்து நிற்பான். முக்குகிறான் போகவில்லை என்று நினைத்தேன். என் மாமியார் எனிமா கொடுக்கச் சொல்கிறார்.

நர்ஸ் அக்கா

தங்கச்சி, அவன் முக்கவில்லை, அடக்குகிறான். ஒருநாள் வலித்திருக்கும், அதற்குப் பிறகு வந்தால் வலிக்கும் என்று பிடித்துவைக்கிறான். கறை அவன் சோம்பல் இல்லை, கசிவு. அவனுக்கே தெரியாமல் நடக்கிறது. திட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அடித்ததை நினைத்து அழுதுகொண்டும் இருக்காதீர்கள், இது தெரியாமல் அடித்த தாய்மார்கள் என் வரிசையில் நிறையப் பேர்.

டாக்டரிடம் போகும்போது இதைச் சொல்லுங்கள்: பிறந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கறுப்பு மலம் போனானா? எடை ஏறுகிறதா? வயிறு உப்பியே இருக்கிறதா, பச்சையாக வாந்தி உண்டா? கால் நடையில் மாற்றம்? முதல் மாதத்திலிருந்தே இந்தத் தொல்லையா? இவற்றில் ஏதாவது இருந்தால் குடல் நரம்பிலோ முதுகுத்தண்டிலோ பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் பழக்கத்தால் வந்ததுதான். மருந்து மாதக் கணக்கில் ஓடும். இரண்டு வாரத்தில் நன்றாகிவிட்டது என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

எனிமா வேண்டாம், அதிலும் மூலிகை எனிமா வேண்டவே வேண்டாம். குவாசூலு நாட்டாலில் சூலு வீடுகளில் ‘சாத்தா’ என்று குழந்தைகளுக்கு எனிமா கொடுக்கும் வழக்கம் உண்டு, நம் வீடுகளிலும் பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்கிறவர்கள் உண்டு. உள்ளே என்ன கலந்தார்கள் என்று தெரியாமல் கெட்டுப்போன சிறுநீரகங்களை இந்த நாட்டு மருத்துவமனைகள் பார்த்திருக்கின்றன. அதனால் நான் எந்த இனத்துக் குடும்பம் வந்தாலும் “எனிமா கொடுத்தீர்களா, எதைக் கரைத்து” என்று குற்றம் சொல்லாத குரலில் கேட்டுவிடுவேன். குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் பொய்தான் பதிலாக வரும்.

லெனேசியா மாமா

சரி, ஆயாவைக் கொஞ்சம் ஓரமாக உட்காரவைக்கிறேன். ஆனால் உணவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. புரட்டாசி முழுக்கச் சைவம், பீன்ஸ் கறி, பருப்பு, கீரை. அந்த மாதம் எல்லோருக்கும் வயிறு கடிகாரம் போல ஓடும். ஐப்பசி பிறந்ததும் ஆட்டுக்கறியும் வெள்ளை ரொட்டியும் பன்னி சௌவும் (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறி). கடிகாரம் நின்றுவிடும்.

டோங்காட் மருத்துவன்

உணவு உண்மைதான் மாமா. ஆனால் ஒரு மருத்துவருக்கு அது வசதியான ஒளிவிடமும் ஆகிவிடுகிறது. நோயாளியின் தட்டைக் குறை சொன்னால் நான் மேலே தேட வேண்டியதில்லை. இறுகி அடைத்துக் கிடக்கிறவருக்குத் தவிடும் நாருமாக மேலே ஏற்றினால் இன்னும் உப்பும். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும்.

என்னைப் பயமுறுத்துவது புதிதாக வருகிற மாற்றம். இருபது வருடமாகச் சிக்கல் என்கிறவரைவிட, ஐம்பது வயதுக்கு மேல் “போன தைப்பூசம் வரை ஒன்றுமில்லை, அதற்குப் பிறகுதான் இப்படி” என்கிறவர். இரத்தம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகை, வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் மலமிளக்கியை எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்க அனுப்ப வேண்டும். “மூலம்தான்” என்று நோயாளியே முடிவு கட்டிக்கொண்டு வருவார். மூலம் இருக்கிறவருக்குப் புற்றுநோய் வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

திடீரென்று மலமும் போகாமல் சிறுநீரும் போகாமல், உட்காரும் இடம் மரத்துப்போய், கால் பலமிழந்தால் அது முதுகுத்தண்டு அவசரம். அன்றே மருத்துவமனை.

இரத்தப் பரிசோதனையை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. சோர்வு, குளிர் தாங்காமை, உடல் பருத்தல் என்றால் தைராய்டு. தாகமும் எலும்பு வலியும் சேர்ந்தால் கால்சியம். நீண்ட நாள் சர்க்கரை குடல் நரம்பையும் தாக்கும் என்பதால் நம் ஊரில் அதை மறக்கவே முடியாது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கலாகத் தலைகாட்டும் நோயும் உண்டு, பார்க்கின்சன். மெதுவாக நடந்து உள்ளே வருகிறவரின் கை வீச்சை அதனால்தான் கவனிக்கிறேன்.

மருந்துக்கடைக்காரி

அந்த அம்மா என்ன ஆனார், டாக்டர்? கோடீனை நிறுத்தியதும் சரியாகிவிட்டதா?

டோங்காட் மருத்துவன்

ஒரே நாளில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தலைவலியும் தூக்கமின்மையும் வந்து மறுபடி கடைக்கு நடந்திருப்பார். ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். இப்போது வாரத்துக்கு நான்கு முறை, சிரமமில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பிசியோதெரபிக்குப் போகிறார். “வயிற்றைச் சரிசெய்துவிட்டு முழங்காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களே” என்கிறார். தைராய்டும் பார்த்தேன், சரியாக இருந்தது.

புது டாக்டர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று முன்தினம் 79 வயதுத் தாத்தா ஒருவர். முந்தின இரவிலிருந்து பிதற்றுகிறார், சிறுநீர் போகவில்லை என்று பேரன் கூட்டிவந்தார். புராஸ்டேட் என்று எழுதிவிட்டு, சிறுநீர்க் குழாய் போடச் சொல்லிக் கையெழுத்துப் போடப் போனேன். இந்த இழை நினைவுக்கு வந்தது. தமிழில் கேட்டேன். டோங்காட் அண்ணன் எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். “கையுறை” என்ற இடத்தில் குரல் கீச்சிட்டது. தாத்தா பேரனைப் பார்த்தார், பேரன் என்னைப் பார்த்தான், பிறகு தாத்தாவே ஒருக்களித்துப் படுத்துவிட்டார்.

உள்ளே பாறை. அன்றைக்குச் சிறுநீர்க் குழாயும் போட வேண்டித்தான் இருந்தது. அடைப்பை எடுத்த மறுநாள் குழாயை எடுத்தோம், தானாகப் போனார். பிதற்றலும் நின்றது. போகும்போது என் பெயர் கேட்டார், எந்த ஊர்க் குடும்பம் என்று கேட்டார். திரைச்சீலைக்கு இரண்டு கொக்கி நானே வாங்கி மாட்டிவிட்டேன்.

சிறுவனின் அம்மா

நாங்களும் டாக்டரிடம் போனோம். பழக்கத்தால் வந்ததுதான் என்றார். தினமும் மருந்து, சாப்பிட்டபின் காலுக்கு அடியில் ஒரு சிறு முக்காலி வைத்து ஐந்து நிமிடம். நேற்று அவனாகவே “அம்மா, நான்காம் நம்பர்” என்று கத்தினான். அட்டவணையைக் குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன், மாமியார் அந்தப் பக்கமே வருவதில்லை.

லெனேசியா மாமா

நானும் இன்று காலை பார்த்தேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். நர்ஸ் அக்கா, அதற்கு ஏதாவது தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறீர்களா?